ரஷ்ய ‘ருக்கா’ (கை) எங்கிருந்து வந்தது? ‘இறுக்கு’ என்ற தமிழ்ச் சொல்லோடு தொடர்பு உண்டா?

தெஹிவளை வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் ரஷ்ய மொழி படிக்கிறேன். உடலுறுப்புப் பெயர்களில் பல சமஸ்கிருதத்தோடு நன்றாகவே பொருந்துகின்றன. மூக்கு ‘நோஸ்’, அங்கே ‘நாசா’. புருவம் ‘ப்ரோவ்’, அங்கே ‘ப்ரூ’. ஆனால் கைக்கு ‘ருக்கா’ என்கிறார்கள். சமஸ்கிருதத்தில் ‘ஹஸ்த’, பஸ்ஸில் தினம் கேட்கிற சிங்களத்தில் ‘அத’. இரண்டோடும் ஒட்டவே இல்லை.

வட்ஸ்அப் குழு ஒன்றில் ‘இறுக்கு’ என்ற தமிழ் வினைதான் ‘ருக்கா’ ஆனது, கை இறுக்கிப் பிடிப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பொருள் பொருந்துகிற மாதிரித்தான் இருக்கிறது. இது சரியா, பிழையா? பிழை என்றால் எந்த இடத்தில் பிழை? ஆதி ஸ்லாவியத்தில் இந்தச் சொல் எப்படி இருந்தது, அதற்கு முன் எங்கிருந்து வந்தது? ஆதாரத்தோடு சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கோ.

---

சொல்வேர்:

தங்கச்சி, எழுத்து முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பும். முன்னால் * போட்டது மீட்டுருவாக்கிய வடிவம். எந்தச் சுவடியிலும் கிடைக்காது. ‘க்க’ வரும் இடங்களில் எல்லாம் ஒரே ஒரு வல்லின ககரம்தான். அடைப்புக்குள் (ங்) இருந்தால் அது தனி மெய்யல்ல, அதற்கு முன்னுள்ள உயிரை மூக்கால் ஒலிக்க வேண்டும். ‘ஃஸ’ என்பது குரல் சேர்ந்த ஸகரம், ‘ஃஜ’ என்பது உரசி வரும் ஜகரம்.

ரஷ்யம், போலிஷ், செக் எல்லாவற்றுக்கும் பொது மூதாதையான ஆதி ஸ்லாவியத்தில் வடிவம் *ரொ(ங்)க்கா. ‘இறுக்கு’ விழுந்துபோவது அந்த (ங்) இல்தான்.

ரஷ்ய ‘ருக்கா’வில் உள்ள உகரம் பழைய உகரம் அல்ல. கிழக்கு ஸ்லாவியத்தில் இரண்டு வெவ்வேறு உயிர்கள் ஒன்றாகக் கலந்து உகரமாயின. ஒன்று உண்மையான ஊகாரம், மற்றது மூக்கொலி ஒகரம். ரஷ்யத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது எதுவென்று பிரிக்கவே முடியாது. பிரித்துக் காட்டுவது போலிஷ். காதுக்கு ரஷ்யத்தில் ‘ஊஹோ’, போலிஷிலும் ‘உஹோ’. மூக்கொலி இல்லை, ஸ்லாவியத்துக்கு நெருங்கிய உறவான பால்டிக் கிளையின் லித்துவேனியத்திலும் ‘அவுசிஸ்’, இல்லை. ஆகவே காதில் இருப்பது பழைய ஊகாரம். கைக்கு வாருங்கள். போலிஷில் ‘ரெங்க்கா’, லித்துவேனியத்தில் ‘ரங்க்கா’. இரண்டிலும் மூக்கொலி நிற்கிறது. அழிந்துபோன பால்டிக் மொழியான பழைய பிரஷ்யத்திலும் ‘ரங்க்கோ’ தான். ஏறத்தாழ 1400 இல் படியெடுத்த எல்பிங் சொற்பட்டியலில் அது பதிவாகியிருக்கிறது. லத்வியத்தில் ‘ருவொக்கா’. அங்கே ‘அன்’ எல்லாம் ஒழுங்காக ‘உவொ’ ஆகிவிடும், எனவே அதுவும் மூக்கொலிக்கே சாட்சி.

ரஷ்யப் பக்கத்தில் மூக்கொலி எப்போது போனது என்பதற்குக் காலக்குறிப்பும் உண்டு. பைசாந்தியப் பேரரசர் 7 ஆம் கொன்ஸ்தந்தீன் 950 அளவில் த்னீப்பர் ஆற்றுப் பாய்ச்சல்களின் ஸ்லாவியப் பெயர்களைக் கிரேக்க எழுத்தில் எழுதி வைத்தார். ‘கொதிக்கிற’ என்று பொருள்படும் பாய்ச்சலின் பெயர் அங்கே ‘வெரூத்ஸி’. மூக்கொலி ஒகரம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஊகாரம். அதாவது 10 ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ‘ரொ(ங்)க்கா’ ஏற்கனவே ‘ருக்கா’ ஆகிவிட்டது. அந்தப் பிந்திய உகரத்தைத் தமிழ் ‘இறுக்கு’வின் உகரத்தோடு ஒட்டவைப்பது கால வரிசையையே தலைகீழாக்குவது. ‘இறுக்கு’வில் மூக்கொலிக்கு இடமும் இல்லை. கடைசியில் பொருந்துவது ‘ருக்’ என்ற துண்டு மட்டும், அதுவும் ஆயிரம் ஆண்டு வயதுள்ள தற்செயல்.

சுவடிச் சான்று, ஸ்லாவியத்தின் மிகப் பழைய எழுத்து மொழியான பழைய தேவாலய ஸ்லாவியத்தில் இருக்கிறது. அங்கே இந்தச் சொல்லை ‘பெரிய யூஸ்’ என்ற தனி எழுத்தால் எழுதினார்கள். அந்த எழுத்து மூக்கொலி உயிரைக் குறிக்கிறது என்பதைப் போலிஷோடு ஒப்பிட்டு 1820 இல் நிறுவியவர் அலெக்சாந்தர் வொஸ்தோக்கொவ். 1056–57 இல் எழுதிய ஒஸ்த்ரொமீர் நற்செய்திச் சுவடியில் ரஷ்ய எழுத்தர்கள் அந்த எழுத்தையும் சாதாரண உகரத்தையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அவர்கள் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்பதற்கு அந்தத் தடுமாற்றமே சான்று.

போலிஷை எடுக்கிறவர்கள் விழும் குழி ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘ரெங்க்கா’வில் எகரம் இருப்பதால் ஆதி வடிவத்திலும் மூக்கொலி எகரம் என்று நினைக்கத் தோன்றும். அது பிழை. போலிஷில் பழைய இரண்டு மூக்கொலி உயிர்களும் ஒன்றாகி, பிறகு நீளத்தைப் பொறுத்து மறுபடி இரண்டாகப் பிரிந்தவை. ‘கைகளின்’ என்பதற்கு ‘ரோங்க்’ என்று அதே சொல்லில் ஓகாரம் வருவதைப் பாருங்கள். பழைய நிலையைக் காட்டுவது உயிர் அல்ல, முன்னால் நிற்கும் மெய். வரிசை என்ற சொல் ரஷ்யத்தில் ‘ர்யாத்’, போலிஷில் ‘ஃஜோந்த்’. பழைய மூக்கொலி எகரம் ரகரத்தை மென்மையாக்கி ஃஜகரமாக்கிவிட்டது. ‘ரெங்க்கா’வில் ரகரம் கெட்டியாகவே நிற்கிறது. எனவே அங்கே இருந்தது மூக்கொலி ஒகரம்.

---

பால்டிக் பக்கம்:

சொல்வேர் அண்ணா ஒலியைப் பார்த்துவிட்டார். நான் சொல் எப்படி உருவானது என்ற பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லின் அழகு அங்கேதான் இருக்கிறது.

லித்துவேனியத்தில் ‘ரிங்க்தி’ என்று ஒரு வினை. பொறுக்குதல், சேர்த்தல், திரட்டுதல். தெரிந்தெடுப்பதற்கும் அதுதான், தேர்தலுக்கு அங்கே ‘ரிங்க்கிமாய்’. ‘நான் சேர்க்கிறேன்’ என்பது ‘ரெங்க்கு’. கை ‘ரங்க்கா’. ரிங்க், ரெங்க், ரங்க் என்று ஒரே வேர் உயிரை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்கிறது. கெடு – கேடு, சுடு – சூடு, படு – பாடு என்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இந்த அமைப்பு புதிதில்லை. வினையின் உயிரைத் திரித்துப் பெயராக்குவது. தமிழில் குறில் நெடிலாகும், அங்கே எகரம் ஒகரமாகும். ரஷ்யத்திலேயே இது உயிரோடு இருக்கிறது: ‘தெச்’ ஓடு, பாய், ‘தோக்’ ஓட்டம், மின்னோட்டம். ‘வெஃஸ்தி’ ஏற்றிச் செல், ‘வோஃஸ்’ வண்டி. பழைய குறில் ஒகரம் ஸ்லாவியத்தில் ஒகரமாகவும் லித்துவேனியத்தில் அகரமாகவும் வரும் என்பது ஒழுங்கான விதி, ஆகவே *ரொ(ங்)க்கா – ரங்க்கா என்பது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது.

பொருள் ‘சேர்ப்பது, பொறுக்குவது’. கை என்ன செய்கிறதோ அதைக் கொண்டே பெயர். இதே பாதையில் ஜெர்மானியச் சொல்லையும் விளக்குவார்கள்: பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் கை ‘ஹந்துஸ்’, சிறைப்பிடிப்பது ‘ஃப்ராஹின்தன்’. அங்கும் உயிர் திரிந்திருக்கிறது, அங்கும் கை என்பது பிடிப்பது.

கவனிக்க வேண்டியது: ‘ரிங்க்தி’ வினை ஸ்லாவியத்தில் எஞ்சவில்லை. பெயர் மட்டும் நிற்கிறது. எனவே ஸ்லாவியர்கள் தனியாக உட்கார்ந்து இந்தச் சொல்லை உருவாக்கியிருக்க முடியாது. பால்டிக்கும் ஸ்லாவியமும் இன்னும் பிரியாத காலத்தில் உருவான சொல். கிழக்கு பால்டிக் (லித்துவேனியம், லத்வியம்), மேற்கு பால்டிக் (பழைய பிரஷ்யம்), ஸ்லாவியம் மூன்றிலும் ஒரே உருவத்தில் இருப்பதும் அதையே சொல்கிறது.

அதற்கு அப்பால் போகும்போது நிலம் கொஞ்சம் சதசதக்கும். பால்டோ-ஸ்லாவியத்தில் சொல்லின் தொடக்கத்தில் ‘வ்ர’, ‘வ்ல’ இருந்தால் வகரம் விழுந்துவிடும். 1899 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் லிதேன் காட்டிய விதி. ஆகவே ‘ரிங்க்தி’யின் வேர் முதலில் ரகரத்தில் தொடங்கியதா, ‘வ்ர’வில் தொடங்கியதா என்பதை உள்ளிருந்து சொல்ல வழியில்லை, வெளியிலிருந்து சாட்சி வேண்டும். பழைய நோர்ஸில் ‘வ்ரா’, இன்றைய சுவீடிஷில் ‘வ்ரோ’: மூலை, ஒதுக்கிடம். ஒலி விதிப்படி அது பொருந்துகிறது, அதை ஏற்றால் வேர் *வ்ரெங்க். ஆனால் மூலைக்கும் சேர்ப்பதற்கும் நடுவே ‘வளைவு’ என்ற ஒரு பொருளை நாமே வைத்துப் பாலம் கட்ட வேண்டியிருக்கிறது. என் பார்வையில் ‘ரிங்க்தி’ வரை வருவது கல்லில் எழுதியது. ‘வ்ரோ’ வரை போவது பென்சிலால் எழுத வேண்டியது.

இன்னொரு முடிச்சு அழுத்தத்தில் இருக்கிறது, பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரஷ்யத்தில் அழுத்தம் நகரும்: எழுவாயாக வந்தால் ‘ருக்கா́’, கடைசி அசையில், ‘கையை’ என்றால் ‘ரு́க்கு’, முதல் அசையில். இது நகரும் அழுத்த வகை. லித்துவேனியத்தில் ‘ரங்க்கா’ எழுவாயில் கடைசி அசையில் அழுத்தம் வாங்கினாலும், அது பிற்காலத்தில் சோசூர் விதியால் (மொழியியலாளர் சோசூர் கண்ட அழுத்த நகர்வு விதி) ஈற்றுக்கு இழுக்கப்பட்டது. ‘கையின்’, ‘கையை’ இரண்டிலும் அழுத்தம் வேரிலேயே நிற்கும். அதாவது அடிப்படையில் நகராத வகை. தலைக்கு உள்ள சொல்லில் (ரஷ்ய ‘கலவா’, லித்துவேனிய ‘கல்வா’) இரு பக்கமும் நகரும் வகை, பொருந்துகிறது. கையில் பொருந்தவில்லை. இதனால் சொற்பிறப்பு கவிழாது, ஒலியும் அமைப்பும் அவ்வளவு உறுதி. ஆனால் ‘எல்லாம் முடிந்த விஷயம்’ என்று எழுதுகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு எழுத வேண்டும்.

---

தெஹிவளை வாசகி:

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. ‘இறுக்கு’ பதிவுக்கு என்ன பதில் போடுவது என்று இப்போது வடிவாக விளங்குகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். சமஸ்கிருத ‘ஹஸ்த’வின் உறவுச் சொல் ஸ்லாவியத்தில் முன்பு இருந்து பிறகு போய்விட்டதா? மற்றது, ரஷ்யத்தில் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ‘ருக்கா’ தான், நம்முடைய ‘கை’ மாதிரியே. காலுக்கும் ‘நகா’ (எழுத்தில் நோகா) என்று முழுக் காலையும் சொல்கிறார்கள். அது ‘நகம்’ என்று காதில் விழுகிறதே? இதுவும் தற்செயல்தானா?

---

களனிக்கரை:

முதல் கேள்விக்கு: ஆம், போய்விட்டது.

மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் கைக்கு இருந்த சொல் பல கிளைகளில் அப்படியே இருக்கிறது. ஹித்தைத்தில் ‘கெஸ்ஸர்’, கிரேக்கத்தில் ‘கேய்ர்’, அல்பேனியத்தில் ‘தோர்’. ‘ஹஸ்த’ அதே வேரிலிருந்து இன்னொரு விகுதியோடு வந்தது. அதிலிருந்து பாளி ‘ஹத்த’, அங்கிருந்து சிங்கள ‘அத’. உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலும் அது இருக்கிறது: அத்த நட்சத்திரம் என்பது ‘ஹஸ்தம்’ தான்.

அந்தச் சொல் ஸ்லாவியத்தில் தப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைக்கூடச் சொல்லலாம். சமஸ்கிருத ஹகரம் இந்த வகைச் சொற்களில் ஸ்லாவியத்தில் ஃஸகரமாகவும் லித்துவேனியத்தில் ஃஜகரமாகவும் வரும். ‘ஹிம’ (பனி) – ரஷ்ய ‘ஃஸிமா’ (குளிர்காலம்) – லித்துவேனிய ‘ஃஜியெமா’. எனவே ஃஸகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லைத் தேட வேண்டும், கை என்ற பொருளில் அப்படி ஒன்று ஸ்லாவியத்தில் இல்லை. லித்துவேனியத்தில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது: கமக்கட்டு அங்கே ‘பஃஜஸ்திஸ்’. ‘ப’ என்பது கீழ். மீதியுள்ள ‘ஃஜஸ்த்’ ‘ஹஸ்த’வோடு சேர்க்கப்படுகிறது, அதாவது ‘கைக்குக் கீழே உள்ளது’. தனிச் சொல்லாக இருந்த இடத்தை ‘ரங்க்கா’ பிடித்துக்கொண்டது, கூட்டுச்சொல்லுக்குள் மாட்டியது மட்டும் பிழைத்தது. பழைய சொல் எங்கே போனது என்று தேடும்போது இப்படிக் கூட்டுச்சொற்களுக்குள் கையை விட்டுப் பார்ப்பது பயன் தரும்.

‘நோகா’ தற்செயல் அல்ல, ஆனால் வழி நீங்கள் நினைப்பது அல்ல. லித்துவேனியத்தில் ‘நாகஸ்’ நகம், ‘நகா’ குளம்பு. ரஷ்யத்திலேயே நகத்துக்கு ‘நோகத்’. கிரேக்க ‘ஒனுக்ஸ்’, லத்தீன் ‘உங்குயிஸ்’, சமஸ்கிருத ‘நக’ எல்லாம் இந்தக் குடும்பம். ஸ்லாவியத்தில் நகம், குளம்பு என்றிருந்த சொல் மேலே ஏறிக் காலையே குறிக்கத் தொடங்கியது. நம்முடைய ‘நகம்’ சமஸ்கிருதத்திலிருந்து வாங்கியது. தமிழின் சொந்தச் சொல் ‘உகிர்’. ஆக ‘நோகா’வும் ‘நகம்’ உம் உறவுதான், ஆனால் சமஸ்கிருதம் வழியாக. காலுக்குப் பழைய வேர், அதாவது ‘பாத’ என்பதன் வேர், ரஷ்யத்தில் ‘பெஷ்கோம்’ (நடந்து, கால்நடையாக) போன்ற சொற்களில் ஒதுங்கிவிட்டது.

கையிலும் காலிலும் ஒரே கதை நடந்திருப்பதைக் கவனியுங்கள். மூக்கு, புருவம், காது மாறவில்லை, கையும் காலும் மாறின.

---

சொல்வேர்:

மூக்கொலிக்கு இன்னொரு சாட்சியைச் சேர்க்கிறேன், வெளிநாட்டுச் சாட்சி என்பதால் பலம் கூடியது. ‘கையைச் சுற்றியது’ என்று பொருள்படும் *ஒப்ரொ(ங்)ச் என்ற சொல் முதலில் காப்பு, வளையல். பிறகு எந்த வளையத்துக்கும் ஆகிவந்தது. ரஷ்ய ‘ஓப்ருச்’ இன்று பீப்பாய் வளையம், போலிஷ் ‘ஒப்ரோன்ச்கா’ கல்யாண மோதிரம். ஹங்கேரியர்கள் 9 ஆம் நூற்றாண்டின் கடைசியில் கார்ப்பாத்தியப் பகுதிக்கு வந்தபின் இதை வாங்கினார்கள். அவர்கள் வாயில் அது ‘அப்ரொன்ச்’. ஹங்கேரியத்துக்கு ஸ்லாவிய மூக்கொலி பற்றிக் கவலையில்லை. காதில் விழுந்ததைத்தான் வைத்துக்கொண்டது. விழுந்ததில் னகரம் இருந்திருக்கிறது. லித்துவேனியத்திலும் காப்புக்கு ‘அப்பீரங்க்கே’, அதே ‘சுற்று + கை’ அமைப்பு.

ரஷ்யம் படிக்கிறவருக்கு இந்தக் குடும்பம் கைகொடுக்கும். சட்டைக் கை ‘ருக்காவ்’, பொறுப்பை ஒப்படைப்பது ‘பருச்சீத்’, நாம் ‘கையளித்தல்’ என்பது போல.

ஒருமை வேற்றுமையில் ரஷ்யம் மட்டும் ஏமாற்றும். ‘கையில்’ என்பதற்கு ரஷ்யத்தில் ககரத்தோடு ‘ருக்யே’, உக்ரேனியத்தில் ‘ருத்ஸி’, போலிஷில் ‘ரெந்த்ஸே’. பழையது த்ஸகரம்தான். பின்னால் வந்த உயிரால் ககரம் த்ஸ ஆனது, ரஷ்யம் பிற்காலத்தில் மற்ற வடிவங்களைப் பார்த்து ககரத்தை மீட்டுக்கொண்டது. போலிஷில் பன்மையான ‘ரெந்த்ஸே’யும் செக்கில் ‘ருத்ஸெ’யும் உண்மையில் பன்மையே அல்ல, பழைய இருமை (இரண்டை மட்டும் குறிக்கும் எண்). சோடியாக இருக்கும் உறுப்பு என்பதால் இருமை அங்கே மட்டும் உயிர் தப்பியது. செக்கில் ‘கைகளால்’ என்ற ‘ருக்கமா’வும் இருமை உருபுதான்.

---

பால்டிக் பக்கம்:

தங்கச்சி, இதே முறையை நீங்களே ஒரு தடவை செய்து பார்க்க வேண்டுமென்றால் பல்லை எடுங்கள். ரஷ்ய ‘ஃஸூப்’. உகரம் இருப்பதால் உடனே போலிஷுக்குப் போங்கள்: ‘ஃஸோம்ப்’, ‘பல்லின்’ என்றால் ‘ஃஸெம்பா’. மூக்கொலி இருக்கிறது, முன்மெய் கெட்டி, ஆகவே *ஃஸொ(ங்)ப். லத்வியத்தில் ‘ஃஸுவொப்ஸ்’, மேலே சொன்ன ‘அன் > உவொ’ விதி இங்கேயும் வேலை செய்கிறது.

லித்துவேனியத்தில் கால் வழுக்கும். பல் என்று அகராதியில் தேடினால் ‘தந்திஸ்’ கிடைக்கும். அது சமஸ்கிருத ‘தந்த’வின் உறவு, ‘ஃஸூப்’புக்கு அல்ல. பொருளை வைத்துத் தேடாமல் ஒலி விதியை வைத்துத் தேட வேண்டும்: ஸ்லாவிய ஃஸ என்றால் லித்துவேனிய ஃஜ. கிடைப்பது ‘ஃஜம்பஸ்’, கூரிய விளிம்பு, ஓரம். கிரேக்கத்தில் ‘கொம்ஃபொஸ்’, ஆணி, முளை. சமஸ்கிருதத்தில் ‘ஜம்ப’, பல். பொருள்கள் விலகி நின்றாலும் ஒலிகள் அசையாமல் பொருந்துகின்றன. கடைசியாக அழுத்தத்தையும் சரிபாருங்கள்: ‘ஃஜம்பஸ்’ நகரும் வகை, ஸ்லாவியச் சொல்லும் நகரும் வகை. கையில் இடித்தது பல்லில் இடிக்கவில்லை.